எஞ்சினை அணைத்தாலும் அடங்காத அழுத்தம்: குப்பை காம்பாக்டர் பற்றி ஓர் எளிய விளக்கம்

தெருமுனையில் குப்பை லாரி பின்பக்கத்தைத் தூக்கியபடியே நின்றுபோனால், சுற்றி நிற்பவர்களில் ஒருவராவது "பிரஷர் போச்சுப்பா, பம்ப் அவுட்டு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். இன்னொருவர் "வண்டியை ஆஃப் பண்ணிட்டு கையை விட்டு எடுங்க, ஏதோ சிக்கியிருக்கு" என்பார். முதல் பேச்சைக் கேட்டால் பணம் போகும். நன்றாக இருக்கும் பம்பைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டுவார்கள், பழுது அப்படியே இருக்கும். இரண்டாவது பேச்சைக் கேட்டால் கை போகும், சில நேரம் ஆளே போவார். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே தப்பெண்ணம். அழுத்தத்தை உண்டாக்குவது பம்ப், பம்ப் நின்றால் அழுத்தமும் நின்றுவிடும் என்ற எண்ணம்தான் அது.

நான் இங்கே எடுத்துக்கொள்வது, நம் ஊர்த் தெருக்களில் வரும், பின்பக்கம் குப்பையை வாங்கி உள்ளே அமுக்கும் காம்பாக்டர் லாரியை. வணிக வளாகங்களின் பின்புறம் தரையில் பொருத்தியிருக்கும் காம்பாக்டரும் உள்ளே இதே சங்கதிதான். எஞ்சினுக்குப் பதில் அங்கே மின்மோட்டார் இருக்கும்.

தோட்டத்து டியூபும் இரண்டு சிரிஞ்சும்

செடிக்குத் தண்ணீர் விடும் டியூபை அப்படியே கீழே போட்டால் தண்ணீர் கொளகொளவென்று கொட்டும். முனையைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் எதிர்ச்சுவர் வரை பீய்ச்சும். மாடித் தொட்டியும் அதேதான், குழாயும் அதேதான். மாறியது நீங்கள் வைத்த தடை மட்டுமே.

ஆயிலைக் கொண்டு லாரியின் பாகங்களை நகர்த்தும் ஹைட்ராலிக் பம்பும் இப்படித்தான். அது ஆயிலைத் தள்ளும், அதற்கு மேல் அதற்கு வேலை கிடையாது. எதிரே தடை இருந்தால்தான் அழுத்தம் பிறக்கும். குப்பையை வாரி உள்ளே அமுக்கும் பிளேடு வெறும் தொட்டியில் நகரும்போது அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் சோம்பிக் கிடக்கும். இளநீர் மட்டைக் குவியலில் போய் முட்டியதும் விறுவிறுவென்று ஏறும். ஆகவே ஆயிலின் ஓட்டம் பிளேடின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அழுத்தம் அதன் பலத்தைத் தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் பாதி மெக்கானிக்.

பலம் எப்படிப் பெருகுகிறது என்பதற்குப் பள்ளி அறிவியல் கண்காட்சியில் பிள்ளைகள் செய்யும் பொம்மை ஜே.சி.பி.யே போதும். சின்ன சிரிஞ்ச் ஒன்று, பெரிய சிரிஞ்ச் ஒன்று, நடுவில் தண்ணீர் நிரப்பிய மெல்லிய குழாய். சின்னதை முழுக்க அழுத்தினால் பெரியது கொஞ்சம்தான் நகரும். ஆனால் அதைக் கட்டைவிரலால் தடுத்து நிறுத்திப் பாருங்கள், திணறிவிடுவீர்கள். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பிளேஸ் பாஸ்கல் எழுதிவைத்தார். அதை வைத்து அழுத்து பொறி செய்து 1795இல் காப்புரிமை வாங்கியவர் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா. குப்பை லாரி அவர்களுடைய வாரிசு.

ஒரு சின்னக் கணக்கு. உள்விட்டம் 10 சென்டிமீட்டர் உள்ள சிலிண்டர் என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டர் என்பது உள்ளே பிஸ்டன் நகரும் இரும்புக் குழல். பிஸ்டனோடு சேர்ந்த ராடுதான் வெளியே வந்து பிளேடைத் தள்ளும். பிஸ்டனின் பரப்பு சுமார் 78.5 சதுர சென்டிமீட்டர். ஆயிலின் அழுத்தம் 150 பார் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 153 கிலோ உட்கார்ந்திருக்கிறது. பெருக்கினால் 12 டன். பழைய அம்பாசிடர் கார்கள் பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் கனம், கையால் பிடிக்கக்கூடிய ஒரு ராடின் முனையில். இந்தப் பலத்துக்கு எலும்புக்கும் இளநீர் மட்டைக்கும் வித்தியாசம் தெரியாது.

இதுவரை பார்த்தது இவ்வளவு: பம்ப் ஆயிலை ஓட்டுகிறது, தடை அழுத்தத்தை உண்டாக்குகிறது, பிஸ்டனின் பரப்பு அதைப் பலமாக்குகிறது.

லாரிக்குள் ஆயில் சுற்றும் வழி

வண்டியின் கியர்பாக்ஸிலிருந்து எஞ்சினின் சக்தியைப் பம்புக்குத் திருப்பிவிடும் இணைப்புக்கு பி.டி.ஓ. என்று பெயர். டிரைவர் அதைப் போட்டதும் பம்ப் சுழன்று, டேங்கிலிருந்து ஆயிலை உறிஞ்சி அனுப்பும். அடுத்து கன்ட்ரோல் வால்வு. ரயில்வே பாயின்ட் மாதிரி, லிவரை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தச் சிலிண்டருக்கு ஆயிலைத் திருப்பும். வேலை முடிந்த ஆயில் ஃபில்டர் வழியாக டேங்குக்கே திரும்பிவிடும்.

வழியில் ஒரு காவல்காரன் உண்டு, ரிலீஃப் வால்வு. பிளேடு அசையவே முடியாமல் நின்றுவிட்டால் பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும், ஏதாவது வெடித்தாக வேண்டும். அதற்கு முன்பே, குறித்துவைத்த அழுத்தத்தில் இந்த வால்வு திறந்து ஆயிலை டேங்குக்கு அனுப்பிவிடும். குக்கரின் விசில் வெயிட் செய்யும் வேலையேதான். "அமுக்க மாட்டேங்குது, ரிலீஃபை ரெண்டு சுத்து டைட் பண்ணு" என்பவர்கள் எல்லா ஷெட்டிலும் இருக்கிறார்கள். அது விசில் வெயிட்டின் மேல் அம்மிக் குழவியை ஏற்றிவைப்பதற்குச் சமம். சோறு வேகாததற்குக் காரணம் வேறெங்கோ இருக்கும்.

இந்த ஆயில் மூன்று வேலைகளுக்குப் போகிறது. குப்பை கொட்டும் தொட்டியில் பிளேடு இறங்கி, வாரி, உள்ளே அமுக்குவது ஒன்று. குப்பைக் கிடங்கில் டெயில்கேட் எனப்படும் பின்பக்கத்தை அப்படியே மேலே தூக்குவது இரண்டாவது. உள்ளிருந்து ஒரு தட்டு குப்பையைப் பின்னோக்கித் தள்ளி வெளியே கொட்டுவது மூன்றாவது.

குக்கரை இன்னும் கொஞ்சம் பார்ப்போம்

அடுப்பை அணைத்தவுடன் குக்கர் மூடியைத் திறக்கக் கூடாது என்று நம் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தீ அணைந்தாலும் அழுத்தம் உள்ளே இருக்கிறது. காம்பாக்டரிலும் அதே நிலைதான், ஆனால் ஒரு விஷயத்தில் குக்கர் நல்லது. அது கால் மணி நேரத்தில் தானே ஆறி அடங்கிவிடும். அடைபட்ட ஆயில் அப்படி அடங்காது. தூக்கிய டெயில்கேட்டின் பாரம் சிலிண்டரின் மேல் உட்கார்ந்திருக்கும்வரை, உள்ளே உள்ள ஆயில் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டே இருக்கும். எஞ்சின் நின்று ஒரு மணி நேரமானாலும் ஓர் இரவு ஆனாலும் அதே அழுத்தம்தான். அந்த அழுத்தத்தை உண்டாக்குவது பம்ப் அல்ல, பாரம். அந்த டெயில்கேட்டைப் பிடித்து நிறுத்தியிருப்பதோ ஹோஸ் எனப்படும் ஓர் ஆயில் குழாய், ஓர் இணைப்பு, ஆயில் ஒழுகாமல் அடைக்கும் ஒரு ரப்பர் சீல். பழுது பார்க்கிறேன் என்று அந்த இணைப்பைத் தளர்த்தினால் ஆயில் போக வழி கிடைத்துவிடும். பின்பக்கம் விழும். கீழே நிற்பவருக்கு விலக நேரமிருக்காது.

சிக்கிய பிளேடும் இப்படித்தான். ஒரு மரக்கட்டையின் மேல் முட்டிக்கொண்டு நிற்கும் பிளேடு, எஞ்சின் நின்ற பிறகும் அழுத்தியபடியே இருக்கும். கட்டையை உருவியதும் அது ஒரு சாண் பாயலாம். உருவிய கை அங்கேதான் இருக்கும்.

சுருக்கமாக, சத்தம் நின்றதால் வண்டி செத்துவிடவில்லை. பாரமும் அடைபட்ட ஆயிலும் இருக்கும்வரை அது உயிரோடுதான் இருக்கிறது.

நிறுத்துவது என்றால் உண்மையில் எதை நிறுத்துவது

முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். தூக்கிய எதையும் எஞ்சின் ஓடும்போதே முழுக்கக் கீழே இறக்கிவிட வேண்டும். தரையில் கிடக்கும் பாரம் யாரையும் கொல்லாது. பிறகு பி.டி.ஓ.வை விடுவித்து, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து வேலை செய்கிறவர் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் சாவி ஒருவரிடம் இருப்பது போதாது. பேட்டரி சுவிட்சுக்கு ஆளுக்கொரு பூட்டு போடுவதுதான் முறை. "ஆள் உள்ளே இருக்கிறார், இயக்காதீர்கள்" என்ற அட்டை ஸ்டியரிங்கில் தொங்கட்டும். விபத்துகள் பலவற்றில் வண்டியை ஸ்டார்ட் செய்தவர் உள்ளே ஆள் இருப்பதை அறியாத சக தொழிலாளிதான்.

அடுத்த படிதான் பெரும்பாலோர் விட்டுவிடுவது. எஞ்சின் நின்ற நிலையில் ஒவ்வொரு லிவரையும் இரண்டு பக்கமும் சில தடவை அசைத்தால், அடைபட்ட ஆயில் டேங்குக்குத் திரும்பி அழுத்தம் தணியும். எதுவும் மேலே தொங்கவில்லை என்று உறுதியான பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். தொங்கும் நிலையில் லிவரை அசைத்தால் நீங்களே அதை இறக்கிவிடுவீர்கள். பட்டனில் இயங்கும் வண்டியில் இதற்கான வழியைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் பூஜ்யம் காட்டினாலும் முழுக்க நம்பிவிட வேண்டாம். ஹோஸ் வெடித்தால் பாரம் விழாதிருக்க, சில சிலிண்டர்களின் வாயிலேயே ஒரு பூட்டு வால்வு வைத்திருப்பார்கள். அதற்கு அப்பால் உள்ள அழுத்தம் மீட்டருக்குத் தெரியாது.

டெயில்கேட்டைத் தூக்கித்தான் வேலை செய்தாக வேண்டும் என்றால், வண்டியோடு வரும் இரும்பு முட்டுச் சட்டத்தை இரு பக்கமும் நிறுத்திவிட்டுத்தான் கீழே போக வேண்டும். சவுக்குக் கட்டை முட்டு ஆகாது. அவசரத்துக்கு என்றும் ஆகாது.

அமுக்கிய குப்பை சேரும் பெட்டிக்குள் இறங்குவது தனி ஆபத்து. அழுகும் ஈரக்குப்பையிலிருந்து மீத்தேன், ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற ஆபத்தான வாயுக்கள் வரும். உள்ளே தேங்கிய குப்பையை நீண்ட கொக்கியால் வெளியிலிருந்தே இழுப்பதுதான் முதல் வழி. கட்டாயம் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அது பயிற்சி பெற்றவர் காற்றைச் சோதித்து, வெளியே ஓர் ஆளைக் காவல் வைத்துச் செய்யும் வேலை.

ஊசிமுனை ஓட்டை

பாரம் விழுவதைப் பற்றியாவது ஆட்களுக்குப் பயம் இருக்கிறது. இதைப் பற்றி அறவே இல்லை. ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் ஆயில் சொட்டாது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெல்லிய பீச்சலாக வரும். எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்ப்பது நம் ஆட்களின் வழக்கம். நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் வரும் அந்தப் பீச்சல், கையுறையையும் தோலையும் துளைத்து ஆயிலைச் சதைக்குள் ஏற்றிவிடும். வெளியே எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி. முதலில் பெரிய வலியும் இருக்காது. அதனால் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். உள்ளே ஆயில் பரவி, சில மணி நேரத்தில் விரல் வீங்கிக் கறுக்க ஆரம்பிக்கும். தாமதித்தவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள்.

ஆகவே கசிவைத் தேட ஓர் அட்டைப்பெட்டித் துண்டை நீட்டிப் பிடியுங்கள். ஈரம் அதில் படியும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். யாருக்காவது பட்டுவிட்டால் காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், "அதிக அழுத்தத்தில் ஹைட்ராலிக் ஆயில் உள்ளே ஏறிவிட்டது" என்று அதே சொற்களில் சொல்லுங்கள். "ஆணி குத்திச்சு" என்று சொன்னால் ஒரு டி.டி. ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். இதற்கு அறுவை சிகிச்சை வேண்டும்.

எல்லாமா, ஒன்று மட்டுமா?

வீட்டில் மின்சாரம் போனால் என்ன செய்வோம்? எல்லா அறையும் இருட்டா, ஓர் அறை மட்டுமா என்று பார்ப்போம். முழு வீடும் இருட்டென்றால் மெயினில் பிரச்சினை. ஓர் அறை என்றால் அந்த அறையின் சுவிட்சிலோ பல்பிலோ. காம்பாக்டரில் பழுது தேடுவதும் இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். பிளேடு, டெயில்கேட், தள்ளும் தட்டு மூன்றுமே சோர்ந்திருக்கிறதா? அப்படியானால் எல்லோருக்கும் பொதுவான இடத்தில் தேடுங்கள்: ஆயில் அளவு, உறிஞ்சும் வழியிலுள்ள சல்லடை, பி.டி.ஓ., பம்ப், ரிலீஃப் வால்வு. ஒன்று மட்டும் சோர்ந்திருந்தால் பம்பைத் தொடவே வேண்டாம். அந்த ஒன்றுக்குரிய சிலிண்டர், ஹோஸ், வால்வில்தான் குற்றம்.

இரண்டாவது கேள்வி, மெதுவாகப் போகிறதா அல்லது பலமில்லாமல் போகிறதா என்பது. மெதுவாக நகர்ந்தாலும் நன்றாக அமுக்குகிறது என்றால் ஓட்டம் குறைவு. ஆயில் எங்கோ தடைபடுகிறது. வெறுமனே வேகமாகப் போய், குப்பையில் முட்டியதும் நின்றுவிடுகிறது என்றால் அழுத்தம் ஏறவில்லை. ரிலீஃப் வால்வு அழுக்கில் மாட்டித் திறந்தே நிற்கலாம், அல்லது பட்டறையில் சொல்வதுபோல் உள்ளுக்குள் "பைபாஸ்" ஆகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்து, ஒரு பக்கத்து ஆயில் மறுபக்கம் ஒழுகுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தூக்கி வைத்த டெயில்கேட் டீ குடித்து வருவதற்குள் ஒரு சாண் இறங்கியிருந்தால் அங்கே சிலிண்டர் சீலிலோ வால்விலோ ஒழுக்கு இருக்கிறது.

நம் ஊர் வெயில் இன்னொரு துப்பு தரும். காலை ஆறு மணிக்கு ஜோராக வேலை செய்யும் வண்டி பதினொரு மணிக்குச் சோர்கிறதா? ஆயில் சூடேறி நீர்த்துவிட்டது. நீர்த்த ஆயில் தேய்ந்த இடுக்குகளில் எளிதாக ஒழுகும். பம்போ சீலோ தேய்ந்திருப்பதற்கு இது நல்ல அடையாளம். ஆயில் 60 டிகிரி வரை சூடாவது வழக்கம்தான். 80ஐத் தாண்டினால் சீல்கள் கெட ஆரம்பிக்கும். கையால் தொட்டுப் பார்க்காமல் சூடு காட்டும் மீட்டரை வைத்துப் பாருங்கள்.

காதும் உதவும். கெட்டியான ஜிகர்தண்டாவை மெல்லிய ஸ்ட்ராவால் உறிஞ்சும்போது ஸ்ட்ரா சப்பிக்கொள்ளும் அல்லவா, சல்லடை அடைத்த பம்பும் அப்படித்தான் திணறி "வீ" என்று அலறும். கிளாஸின் அடியில் கொரகொரப்பது போன்ற சத்தமும் டேங்கில் நுரையும் இருந்தால் எங்கோ காற்றை இழுக்கிறது. காற்று கலந்த ஆயில் ஸ்பாஞ்சு போல நசுங்குவதால் பிளேடு துள்ளித் துள்ளி நகரும். ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் அளவு மீறிச் சூடாகியிருக்கிறது.

ஒரு வரியில்: எல்லாமா ஒன்றா, வேகமா பலமா என்று கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

தினசரிப் பராமரிப்பு

ஹைட்ராலிக் பழுதுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் ஆயிலில் கலக்கும் அழுக்கு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வால்வுக்குள் உள்ள இடைவெளி 10 மைக்ரான் அளவில், சில இடத்தில் அதற்கும் கீழே இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 40 மைக்ரானுக்குக் கீழே நம் கண்ணுக்கே தெரியாது. அதாவது "ஆயில் பளிச்சுனுதானே இருக்கு" என்ற பேச்சுக்கு இங்கே மதிப்பில்லை. குப்பைக் கிடங்கின் புழுதியில் டேங்க் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, ஓரத்தில் கிடந்த வாளியில் ஆயில் ஊற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறங்கள், வடிகட்டி ஊற்றுங்கள். கேனில் 46 அல்லது 68 என்று போட்டிருக்கும் எண் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும். எண் கூடினால் ஆயில் கெட்டி. கையேடு சொன்ன எண்ணை மாற்ற வேண்டாம்.

ஆயில் அளவைப் பார்க்கவும் ஒரு நேரம் உண்டு. ராடு வெளியே நீண்டிருக்கும்போது சிலிண்டருக்குள் அதிக ஆயில் இருக்கும், டேங்கில் குறைவாகத் தெரியும். அதைப் பார்த்து ஊற்றினால் ராடு உள்ளே போகும்போது டேங்க் பொங்கி வழியும்.

ஹோஸில் உப்பலோ, உராய்ந்து உள்கம்பி தெரிவதோ இருந்தால் மாற்றுவதுதான் ஒரே வழி. சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுவது ஓட்டையை மறைக்குமே தவிர அடைக்காது. தள்ளும் தட்டின் பின்னால் குப்பை சேர்ந்தால் அது முழுக்கப் பின்வாங்க முடியாமல் திணறும். ஆயுத பூஜைக்கு மறுநாள் வாழைமட்டையும் உடைத்த பூசணியும், பொங்கல் முடிந்ததும் கரும்புச் சக்கையும் வந்து குவியும் வாரங்களில் இதைத் தினமும் பார்க்க வேண்டும். வாழைநார் மூட்டுகளில் உள்ள பின்களில் சுற்றிக்கொண்டால் கிரீஸ் உள்ளே போகாது.

நம் குப்பையில் ஈரம் அதிகம். அமுக்கும்போது வழியும் உப்பும் புளிப்புமான கசடுநீர் ராடின் குரோம் பூச்சை அரிக்கும். அரித்த பள்ளம் ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் அரம் மாதிரி சீலை அறுக்கும். மாதாமாதம் சீல் மாற்றுகிறோம் என்று புலம்புகிறவர்கள் ராடில் நகத்தை ஓட்டிப் பார்த்தாலே காரணம் கிடைத்துவிடும். வண்டி முழுக்க நிறுத்திய பிறகு. ஷிஃப்ட் முடிந்ததும் கசடுநீரை வடித்து, கழுவி, டெயில்கேட்டை இறக்கி, ராடுகள் கூடுமானவரை உள்ளே இருக்கும் ஓய்வு நிலையில் வண்டியை விடுங்கள். மழையும் கசடும் ராடைத் தொடாது, காலையில் ஆயில் அளவு சரியாகத் தெரியும், ராத்திரி வண்டிக்குப் பின்னால் ஒதுங்கும் நாய்க்கும் வாட்ச்மேனுக்கும் தலைக்கு மேலே எதுவும் தொங்காது.